ஆந்தைக்குச் சொன்ன பெயர்

நினைவாற்றல் நலக் கழகம் வருவதற்கு முன்னால் கீழப்பழுவூரில் யாருக்கும் மூளை வயது என்று ஒன்று கிடையாது. உடம்புக்குத்தான் வயது இருந்தது. அதுவே வாக்காளர் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பெற்றவள் வாயில் ஒன்று என்று மூன்றாக இருந்ததால், நாலாவதாக ஒன்று வந்து சேர்ந்ததில் ஊருக்கு ஆட்சேபம் இல்லை. கொடுப்பதை முதலில் கைநீட்டி வாங்கிக்கொள்வது, அது என்னவென்று பிறகு விசாரிப்பது என்பது நமக்குப் பழகிப்போன முறைதான்.

கழகம் கொடுத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டி. ‘நினைவி’ என்று பெயர். அறுபது வயது தாண்டிய எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று. காலை ஆறு மணிக்கு அது மணியடிக்கும். உடனே எடுத்துப் பன்னிரண்டு நிமிடம் விளையாட வேண்டும். நிறம் பார்த்துப் பொத்தானை அழுத்துவது, கூட்டல் கழித்தல், படம் பார்த்துப் பெயர் சொல்வது, கடைசியாகச் சொந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி. ஆடி முடித்தால் அன்றைக்கு உங்கள் மூளைக்கு என்ன வயது என்று திரையில் எண் வரும். அந்த எண் அதே நொடியில் அரியலூரில் இருக்கும் கழகத்தின் ஆபீசுக்கும் போய்விடும்.

கேள்வி கேட்பது ஓர் ஆந்தை. மூக்குக்கண்ணாடி போட்டு, பிரம்பு வைத்திருக்கும். அறிவாந்தை என்று பெயர். வேறு ஏதோ தேசத்தில் ஆந்தை என்றால் அறிவாம். நம் பக்கத்தில் ஆந்தை எதற்கு வரும் என்று கழகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்திருந்தால் அவர் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒரு வீட்டின் மேல் ஆந்தை உட்கார்ந்து கத்தினால், அந்த வீட்டில் ஓர் உயிரைக் கேட்கிறது என்று அர்த்தம். காலையில் எழுந்ததும் உள்ளங்கையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது உள்ளங்கையில் ஆந்தையைப் பார்த்தார்கள்.

பெட்டி வழங்கும் விழாவில் கழகத்தின் உதவி இயக்குநர் அறிவரசன் பேசினார். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத முடி, கலையாத குரல். “பெரியோர்களே, உடம்பு கிழடாவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் மூளை கிழடாவதை எங்கள் கழகம் அனுமதிக்காது. இனிமேல் உங்கள் பிள்ளைகள் ஊருக்கு வந்து உங்களைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்தால் போதும்!” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் ஏற்கெனவே வந்து பார்ப்பதில்லை.

ஆண்டாயியின் வீட்டுக்கு இரண்டு பெட்டி வந்தது. அவளுக்கு ஒன்று, அவள் கணவர் உத்திராபதிக்கு ஒன்று. உத்திராபதி முப்பத்தொரு வருஷம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். இப்போது எழுபது வயது. மூன்று வருஷமாக அவருக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. முதலில் நேற்று போனது, அப்புறம் போன வருஷம் போனது. சாப்பிட்டாரா என்று அவருக்குத் தெரியாது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். கண் அசந்தால் லாரியைத் தேடிக்கொண்டு அரியலூர் ரோட்டில் நடக்கத் தொடங்கிவிடுவார். ஆண்டாயி வாசல் படலில் ஓர் ஆட்டு மணியைக் கட்டியிருந்தாள். மணிச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். ரோட்டோரத்து டீக்கடைகள் எல்லாவற்றிலும் சொல்லி வைத்திருந்தாள். ஒரே மகள் அபிநயா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். அவளுக்கு அங்கே இரண்டு பிள்ளைகள், ஒற்றை அறை வாடகை வீடு. ஆகவே உத்திராபதிக்கு உலகத்தில் வழி தெரிந்த இடம் ஒன்றுதான், அது ஆண்டாயி. அந்தப் பெயரை மட்டும் தப்பாமல் கூப்பிடுவார்.

அவர் பெயரை ஆண்டாயி கூப்பிட்டதே இல்லை. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷம். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று, தாலி கட்டிய அன்றே அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பெயரை மட்டுமல்ல, அதன் சாடையில் இருக்கும் சொற்களையும் அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். வீட்டின் உத்திரம் அவளுக்கு ‘மேக்கட்ட’. பங்குனி உத்திரம் ‘முருவன் கல்யாணம்’. அரசாங்கமே உத்தரவு போட்டாலும் அவள் வாயில் அது ‘ஆர்டரு’தான். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று எங்கே போனாலும் ‘கணவர் பெயர்?’ என்று கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பாள். பக்கத்தில் நிற்பவர் சொல்வார், குமாஸ்தா எழுதிக்கொள்வார். இந்த நாட்டில் ஆயிரம் குறை இருந்தாலும் இந்த ஒரு வேலை மட்டும் நாற்பத்திரண்டு வருஷமாகத் தடங்கலில்லாமல் நடந்துவந்தது.

நினைவிக்குள் பக்கத்தில் நிற்பவர் என்று ஒருவர் இல்லை.

முதல் நாள் காலை பானுப்ரியா வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். அதே தெருப் பெண். பி.எட். முடித்துவிட்டு நாலு வருஷமாக வேலைக்குக் காத்திருந்தவளுக்குக் கழகம் ஒரு நீல மேலங்கியும் ‘மூளைத் தோழி’ என்ற பட்டமும் கொடுத்திருந்தது.

ஆந்தை ஒரு வீட்டின் படத்தைக் காட்டியது.

“வூடு” என்றாள் ஆண்டாயி.

தவறு என்றது ஆந்தை.

“வீடுன்னு சொல்லணும் பெரியம்மா.”

“அதத்தானம்மா நானும் சொன்னேன்.”

அடுத்து, பனிக்கட்டி மேல் நிற்கும் ஒரு பறவை வந்தது. “கறுப்புக் கோட்டு போட்ட வாத்து” என்றாள். அதுவும் தவறு. கூட்டல் கணக்கு நாலும் சரி. கடைசியில் ஆந்தை பிரம்பை நீட்டி, “உங்கள் கணவர் பெயர் என்ன?” என்று கேட்டது.

ஆண்டாயி சிரித்துக்கொண்டு பானுப்ரியாவைப் பார்த்தாள். ஆந்தை பத்து விநாடி பொறுத்தது. “பரவாயில்லை, மறதி எல்லோருக்கும் வரும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, எழுபத்தொன்பது என்று எண்ணைக் காட்டியது. ஆண்டாயிக்கு அறுபத்தொரு வயது.

இரண்டாம் நாள் “அவுங்கதான்” என்றாள். ‘அவுங்கதான்’ என்ற பெயர் பதிவில் இல்லை என்றது ஆந்தை. மூன்றாம் நாள் “எங்க ஊட்டுக்காரரு.” நாலாம் நாள் “அபிநயா அப்பா.” ஐந்தாம் நாள் நன்றாக யோசித்து, “பங்குனியில முருவனுக்குக் கல்யாணம் நடக்குமே, அன்னிக்கி வர்ற நச்சத்திரம். அப்பறம் மாட்டோட சேத்துச் சிவனுக்கு ஒரு பேரு இருக்குல்ல, அதுல பின்பாதி. ரெண்டையும் ஒட்டிக்க” என்றாள். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். ஆந்தை, “புதிர்ப் பகுதி நேற்றே முடிந்துவிட்டது” என்று சொல்லி எண்பத்தெட்டு கொடுத்தது.

“சொல்லிட்டாத்தான் என்ன பெரியம்மா? ஒரு வார்த்த” என்றாள் பானுப்ரியா.

“அதுவும் ஆந்தகிட்டயா? காலங்காத்தால வந்து ஊட்டுக்காரர் பேரக் கேக்குது. எதுக்குக் கேக்குது? யாருகிட்ட கொண்டுபோய்ச் சொல்லப்போவுது?”

பானுப்ரியாவின் பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வி வரவில்லை.

ஆறாம் நாள் பாவப்பட்டு அவளே பெட்டிக்குள் குனிந்து ‘உத்திராபதி’ என்றாள். “குரல் பொருந்தவில்லை. ஆள்மாறாட்டம் பதிவு செய்யப்பட்டது” என்றது ஆந்தை. மத்தியானமே அரியலூரிலிருந்து அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஏழாம் நாள், கணவரையே சொல்ல வைத்தால் என்ன என்று தோன்றிப் பெட்டியை உத்திராபதியின் வாயருகில் பிடித்தார்கள்.

“உங்க பேரச் சொல்லுங்க பெரியப்பா.”

அவர் பெட்டியை வெகுநேரம் பார்த்தார். “டிரைவரு” என்றார்.

பானுப்ரியா சிரித்துவிட்டாள். ஆண்டாயியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

உத்திராபதியின் சொந்தப் பெட்டியில் நடந்தது வேறு. சிவப்பு வந்தால் நிறுத்து, பச்சை வந்தால் அழுத்து என்ற விளையாட்டில் அவரை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் இல்லை. முப்பத்தொரு வருஷம் அதைத்தான் செய்திருந்தார், விரலுக்கு மறதி வரவில்லை. கூட்டல் கணக்கும் எடைமேடைக் கணக்குப்போல இருந்ததால் சட்டென்று சொன்னார். கடைசியில் “உங்கள் மனைவி பெயர் என்ன?” என்று ஆந்தை கேட்டது. “ஆண்டாயி!” என்றார், அவள் எங்கேயோ போய்விட்டதுபோலச் சுற்றிலும் பார்த்துக்கொண்டு. மூளை வயது முப்பத்தெட்டு என்று வந்தது. ஆந்தை சிறகடித்துப் பாராட்டியது. அவர் எழுந்து போய், குளிக்கும் அண்டாவுக்குள் செருப்பை வைத்தார்.

பக்கத்து வீட்டு வைரக்கண்ணுவுக்கு ஐம்பத்திரண்டு வந்தது. அவளும் வாத்து என்றுதான் சொன்னாள், அவளுக்கும் வூடுதான். ஆனால் அவள் புருஷன் செல்லமுத்து செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. போன உயிருக்கு இனி ஆயுசு எங்கே குறைய? அவள் தெருமுனைவரை கேட்கும்படி “செல்லமுத்து!” என்று கத்துவாள்.

இப்படி ஊர் ஊராக எண்கள் போய்ச் சேர்ந்தன. மூன்று மாதம் கழித்துக் கழகம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கணவர் உயிரோடு இருக்கும் கிராமத்துப் பெண்களில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் கணவர் பெயரை மறந்துவிட்டார்கள், கணவரை இழந்தவர்களில் ஒருவர்கூட மறக்கவில்லை என்று அதில் இருந்தது. அறிவரசன் அரங்கத்தில் படம் போட்டு விளக்கினார். “கணவர் வீட்டில் இருப்பது மனைவியின் மூளைக்கு ஊறு செய்கிறது என்பதை நம் மாவட்டம் உலகத்துக்குச் சொல்கிறது. இதற்கு என்ன தீர்வு என்பதை அடுத்த கட்டத்தில் ஆராய்வோம்” என்றார். அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அடுத்த கட்டம் என்னவாக இருக்கும் என்று முன்வரிசையில் இருந்த சில கணவர்கள் யோசித்தார்கள்.

எண்பத்தைந்துக்கு மேல் போனால் பெரம்பலூரில் இருக்கும் கழகத்தின் நினைவு இல்லத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்ற பேச்சு பரவியதும், மற்ற வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சொன்ன அன்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். கீழத்தெரு ராசாங்கத்தின் சம்சாரமும் ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னாள். வெள்ளிக்கிழமை ராசாங்கம் வயல் வரப்பில் சாய்ந்து செத்துப்போனார். அவருக்கு எண்பத்திரண்டு வயது, ஏற்கெனவே இரண்டு தடவை நெஞ்சடைப்பு வந்தவர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அந்தப் பெண் பாடையைப் பிடித்துக்கொண்டு, “நாந்தான் சொன்னேன், நாந்தான் ஆந்தைக்குச் சொல்லிக் குடுத்தேன்” என்று அழுததை ஆண்டாயி பக்கத்திலிருந்து பார்த்தாள். காக்கையையும் பனம்பழத்தையும் அவளுக்கு யார் பிரித்துச் சொல்வது? வீட்டுக்கு வந்து பெட்டியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். உள்ளே இருந்தும் அது ஆறு மணிக்கு அடித்தது.

விளையாடாத நாளுக்கு ஒரு வயது கூடும் என்பது விதி. மூன்றாம் நாள் தொண்ணூற்றொன்று ஆனது.

அறிவரசனே நேரில் வந்தார். கையில் ஓர் ஆணை இருந்தது. ஆண்டாயி கணவர் பெயரை முற்றிலும் மறந்தவர், ஆகவே நினைவு இல்லத்தில் சேர்க்கப்படுகிறார். அவருடைய கணவர் மூளை வயது முப்பத்தெட்டு உள்ளவர், ஆகவே அவரே பராமரிப்பாளர், அவர் வீட்டில் இருந்துகொண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மனைவியைப் பார்த்து வரலாம்.

ஆண்டாயிக்கு முதலில் புரியவில்லை. “அவுங்களத்தானே சார் கூட்டிட்டுப் போறீங்க? அதுவே வேணாங்க, நான் பாத்துக்கறேன்” என்றாள்.

“உங்களைத்தாம்மா. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு.”

“நானு போயிட்டா அவுங்களுக்கு யாரு சார் சோறு போடுவா?”

“அவருக்கு முப்பத்தெட்டு வயசு. போட்டுக்குவாரு.”

பராமரிப்பாளர் ஒப்புதல் என்று இருந்த இடத்தைக் காட்டி உத்திராபதியிடம் பேனாவைக் கொடுத்தார். காகிதத்தைக் கண்டதும் உத்திராபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். லோடு இறக்கினால் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பழக்கம். வளைத்து ஒரு கோடு இழுத்துவிட்டு, “இது எத்தனாவது லோடு சார்?” என்று மரியாதையாகக் கேட்டார்.

‘கணவர் நகைச்சுவை உணர்வுடன் இருக்கிறார்’ என்று அறிவரசன் குறித்துக்கொண்டார்.

பதினைந்து நாளுக்குள் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம் என்று ஆணையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததைப் பானுப்ரியா கண்டுபிடித்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று அவளே மனு எழுதி, அவளே இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றி அரியலூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கழகத்தின் வாசலில் காவலாளி நோட்டைத் திறந்து ஆண்டாயியிடம் “வூட்டுக்காரர் பேரு?” என்று கேட்டார். அவள் பானுப்ரியாவைப் பார்த்தாள். பானுப்ரியா சொன்னாள், காவலாளி எழுதிக்கொண்டார். அந்த ஆபீசில் அன்று ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

உள்ளே ஒரு மேசை. மேசை மேல் புதிய நினைவி ஒன்று. அதற்குப் பின்னால் அறிவரசன். உத்திராபதி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதன் கைப்பிடியைக் கியர்போலத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“சார், அவுங்களுக்குப் பேரு மறக்கல. சொல்ல மாட்டாங்க. அது வழக்கம்” என்றாள் பானுப்ரியா.

“எனக்குத் தெரியாதா? நானும் செந்துறைப் பக்கம்தான்மா. ஆனா வழக்கத்துக்குக் கட்டம் இல்ல. ‘தெரியும்’னு ஒரு கட்டம், ‘மறந்துவிட்டார்’னு ஒரு கட்டம். ரெண்டுல எதையாவது ஒண்ணத்தான் நான் டிக் அடிக்க முடியும்.”

“அவுங்களையே கேட்டுப் பாருங்க சார்.”

ஆண்டாயி எழுந்து நின்றாள். ஆபீசில் உட்கார்ந்து பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

“மறந்தவ இல்லங்க நானு. அவுங்க கடைசியா ஓட்டுன வண்டி நம்பரு எழுவத்தொண்ணு அறுவத்திரெண்டு. வலது காலு பெருவெரல்ல நகம் கெடையாது, ஜாக்கி விழுந்துருச்சு. உருளக்கெழங்கு ஒத்துக்காது, ஆனா கண்டா விட மாட்டாங்க. கோவம் வந்தா பேச மாட்டாங்க, மீசையத் தடவிக்கிட்டே இருப்பாங்க. எம் பொண்ணு பொறந்த அன்னிக்கி லோடு வண்டிய அப்படியே ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு ஓடி வந்தாங்க. மேலெல்லாம் சுண்ணாம்புத் தூசி. புள்ளயத் தொடலாமா தொடக்கூடாதான்னு கைய நீட்டிக்கிட்டு நின்னாங்க. நாந்தான் முந்தானையால கையத் தொடச்சுவுட்டேன். இதெல்லாம் மறந்தவ சொல்லுவாளா சார்?”

உத்திராபதி தள்ளிய கைப்பிடி கிறீச்சிட்டது.

“நல்லா இருந்துச்சும்மா. ஆனா இது எதுவும் பாடத்திட்டத்துல இல்ல” என்றார் அறிவரசன். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். “நான் கல்நெஞ்சக்காரன்னு நினைக்காதீங்க. எங்க அம்மாவுக்கும் தொண்ணூத்திமூணு வந்துச்சு. அவங்களும் எங்கப்பா பேரச் சொல்லல. இல்லத்துலதான் வச்சிருக்கேன். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“அப்பா சார்?” என்று கேட்டாள் பானுப்ரியா.

“அப்பாவுக்கு முப்பத்தொம்பது. தனியா நல்லா இருக்காரு. போன மாசம் ரெண்டு நாளு ஆளக் காணோம், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாரு. யாரோ டீ வாங்கிக் குடுத்திருக்காங்க.” அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். “அது வேற விஷயம். மதிப்பெண் குறையல.”

பேனாவை ‘மறந்துவிட்டார்’ என்ற கட்டத்துக்கு மேல் கொண்டுபோனார்.

ஆண்டாயி கணவரைப் பார்த்தாள். சட்டை அன்றும் திருப்பித்தான் இருந்தது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. தான் இல்லாத வீட்டில் இந்தச் சட்டையை யார் கழற்றித் திருப்பிப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். படலில் மணி அடிக்கும், ஓட ஆள் இருக்காது. அரியலூர் ரோட்டில் லாரிக்காரன் எவனுக்கும் அவர் ஒரு காலத்து டிரைவர் என்று தெரியாது. பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் ஆயுசு அன்றைக்கே முடியும்.

“இருங்க சார், சொல்றேன்” என்றாள். “அவுங்கள மட்டும் கொஞ்சம் வெளிய உக்கார வைங்க. அவுங்க காதுல விழ வேணாம்.”

“பராமரிப்பாளர் முன்னிலையிலதான்மா தேர்வு நடக்கணும்.”

பெட்டியை அவள் கையில் கொடுத்தார்கள். ஆந்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “உங்கள் கணவர் பெயர் என்ன?” என்றது. ஆண்டாயி கண்ணை மூடினாள். “கல்லங்குறிச்சிப் பெருமாளே, இது அவுங்க கணக்குல வேணாம். எங்கணக்குல கழிச்சுக்க” என்று முணுமுணுத்தாள்.

“உத்திராபதி.”

“கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்லுங்கள்” என்றது ஆந்தை.

“உத்திராபதி.”

“உறுதி செய்ய மீண்டும் ஒரு முறை.”

“உத்திராபதி!”

அடுத்த அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு வருஷம் கட்டிக் காத்த சொல், மூன்று தடவை, அதுவும் கத்தி. ஆந்தை சிறகடித்தது. “சபாஷ்! உங்கள் மூளை வயது நாற்பத்தொன்று!”

“பாத்தீங்களா?” என்று அறிவரசன் எழுந்தே நின்றுவிட்டார். “ஒரே நிமிஷத்துல அம்பது வருஷம் இளமையாயிட்டீங்க. இதத்தான் எங்க கழகம் சாதிக்குது!”

ஆண்டாயி அவரைப் பார்க்கவில்லை. கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று திரும்பிப் பார்த்தாள். உத்திராபதி கியர் போடுவதை நிறுத்தியிருந்தார். கதவுப் பக்கம் பார்த்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“யாரு ஆண்டாயி அது?” என்று கேட்டார்.

‘கணவர் ஆர்வத்துடன் கவனித்தார்’ என்று அறிவரசன் எழுதினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உத்திராபதி ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரில் வரும் லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தார். பாதி வழியில் ஆண்டாயி பானுப்ரியாவின் பக்கம் திரும்பினாள். “இனிமே பயமில்ல பானு. அவுங்களுக்கே தெரியாத பேரு அது. எமன் வந்து அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டாக்கூட, யாரு திரும்பிப் பாக்கப் போறா?” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சொன்னதனால் ஆயுசு குறையும் என்று பயந்துகொண்டு போனவளுக்கு, அந்தப் பெயருக்கு உரியவர் எப்போதோ போய்விட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் காப்பாற்றி வைத்திருந்தது யாருடைய பெயரை?

அடுத்த மாதம் கழகத்தின் இதழில் ஆண்டாயியின் படம் வந்தது. ‘மறதியை வென்ற மங்கை’ என்று கீழே போட்டிருந்தார்கள். பானுப்ரியாவின் நீல மேலங்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆள்மாறாட்டம் பதிவில் இருந்ததாம்.

இப்போதும் தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டி அடிக்கிறது. ஆண்டாயி இட்டிலித் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்கிறாள். வீடு என்கிறாள், வாத்துக்குப் பானுப்ரியா சொல்லிக்கொடுத்த பெயரைச் சொல்கிறாள், கூட்டல் போடுகிறாள். கடைசியில் ஆந்தை கேட்கிறது. அவள் சொல்கிறாள். இப்போதெல்லாம் முதல் தடவையிலேயே அதற்குக் கேட்டுவிடுகிறது.

சுவரோரம் சாய்ந்திருக்கும் உத்திராபதி ஒவ்வொரு நாளும் வாசலை எட்டிப் பார்க்கிறார்.

“தெனமும் கூப்புடுற, அந்த ஆளு வரவே மாட்டேங்குறானே?” என்கிறார்.

“வந்துருவாரு. லோடு எறக்கப் போயிருக்காரு.”

அவர் தலையாட்டுகிறார். லோடு இறக்குவது எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். தட்டு வந்ததும் மூன்று இட்டிலியைத் தின்றுவிட்டு, நாலாவதை ஓரமாகத் தள்ளி வைக்கிறார்.

“பசியோட வருவான் பாவம். வந்தா குடு” என்கிறார்.